கொல்லைக்கு எந்த நாய்?

வேலூர்–போளூர் சாலையில் சந்தவாசலில் இறங்கி, படவேட்டுப் பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலை எதிரே வந்து நிற்கும். அடிவாரக் கொல்லைகளில் மணிலா காய் பிடிக்கிற பருவத்தில் ராத்திரி யாரும் முழுசாகத் தூங்குவதில்லை. டார்ச் வெளிச்சம், தகர டப்பாச் சத்தம், நடுநடுவே நாய்க் குரைப்பு. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒருமுறை உள்ளே புகுந்தால் பாத்திகளை மண்வெட்டியால் கொத்திப்போட்டதுபோல் ஆக்கிவிட்டுப் போய்விடும். கரடியும் உண்டு. எப்போதாவது சிறுத்தை பற்றிய பேச்சும் எழும்.

ஆகவே இந்தப் பக்கம் நாய் என்பது அலங்காரம் இல்லை. ஆனால் ஆரணியிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து இங்கே நிலம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஜாதி நாய் வளர்க்கலாம்?" என்றுதான். அதே கேள்வியை ஆட்டுப் பட்டிக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். "நாய்க்கு இன்னாங்க ஜாதி? ராத்திரி முழிச்சினு இருந்தா போதும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. இருந்தாலும் ஜாதிகளையும் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் பேர் எடுத்த நாய்கள் எல்லாம் தெற்கத்தியவை. ராஜபாளையம் விருதுநகர் மாவட்டம். சிப்பிப்பாறையும் கன்னியும் சாத்தூர், கோவில்பட்டிக் கரிசல் பக்கம். கோம்பை, தேனி மாவட்டத்து மலையடிவாரம். ராஜபாளையம் வெள்ளை வெளேரென்று இருக்கும், மூக்கு இளஞ்சிவப்பு. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதற்கும் இடம் கிடைத்தது. அழகுதான். ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உடம்பில் நிறம் தராத அதே மரபணுக் கோளாறு உள்காதையும் பாதிப்பதால் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கின்றன. வெள்ளையையே தேடித்தேடி இணை சேர்த்ததன் பலன் இது. ராக்காவலுக்கு வாங்கிய நாய் செவிடாக இருந்தால் என்ன செய்வது? குட்டி எடுப்பவர்கள் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டக்கார நாய்கள். கண்ணால் பார்த்துத் துரத்துகிற வகை. விலா எலும்பு தெரிய ஒல்லியாக இருப்பது அவற்றின் இயல்பு. சோறு போடாத குறை இல்லை. அடிவயிறு உள்வாங்கி, மார்பு ஆழமாக, கால்கள் நீண்டிருக்கும். கன்னி பெரும்பாலும் கருப்பு, புருவத்திலும் காலிலும் செம்பழுப்பு. வெயிலைத் தாங்கும். முடி குட்டை என்பதால் குளிப்பாட்டுவது, சீவுவது என்று பெரிய வேலை இல்லை. வேண்டியதெல்லாம் ஓடுவதற்கு இடம். அதைக் கொடுக்காமல் சங்கிலியில் கட்டிவைத்தால் நாயும் கெடும், வீட்டுக்காரர் மனசும் கெடும். கோம்பை வேறு பிறவி: கட்டுக்குட்டான உடம்பு, செம்பழுப்பு நிறம், கருத்த வாய். ஒரே ஆளுக்குக் கட்டுப்படும். விருந்தாளிகள் அடிக்கடி வருகிற வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இந்த ஓட்டக்கார நாய்களின் உண்மையான வேலை முயல் வேட்டை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாயிற்று. சட்டம் சரியானதே. ஆனால் அதோடு பல தலைமுறைகளாக ஒரே வேலைக்கென்று வடித்தெடுத்த உடம்புகள் வேலையற்றுப் போயின. வேலை போன நாய் கண்காட்சிக்கும் கௌரவத்துக்கும் மட்டும் மிஞ்சியது. சு. தியடோர் பாஸ்கரன் நம் நாயினங்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் புத்தகமே எழுதிப் பார்த்தார். 2020-இல் பிரதமரும் வானொலியில் இந்தப் பெயர்களைச் சொன்னார். அதன்பிறகு குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியதே தவிர, வேலை திரும்பி வரவில்லை.

இங்கே எனக்கு ஹாலந்து ஞாபகம் வருகிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாணிபம் செய்த டச்சுக்காரர்களின் நாடு. பரப்பில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அங்கே சொந்த நாயினங்கள் ஏறக்குறைய பத்து இருக்கின்றன. கோய்கர் என்று ஒன்று. வெள்ளை வாலை ஆட்டி ஆட்டி வாத்துகளைக் குளத்துக் கால்வாய் வழியாக வலைக்குள் இழுத்துவருவதுதான் அதன் தொழில். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிட்டத்தட்ட அற்றுப்போன அந்த இனத்தை, வான் ஹார்டன்புரூக் என்ற சீமாட்டி மிஞ்சியவற்றைத் தேடிப் பிடித்து மீட்டார். வாத்துப் பொறிகளில் சில இன்று பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராயப் பயன்படுகின்றன. ஆக, நாயின் வேலையும் பிழைத்தது. டச்சு மேய்ப்பன் நாய் இன்னொரு உதாரணம். ஆட்டு மந்தைகள் குறைந்தபின் அது போலீஸ் வேலைக்குப் போய்விட்டது. அசராத உழைப்பாளி, சும்மா இருந்தால் வீட்டையே பிய்த்துப்போடும்.

அதே நாட்டின் கீஸ்ஹோண்ட் கதை வேடிக்கையானது. அடர்ந்த இரட்டை மயிர்ப் போர்வையும் பிடரியும் கொண்ட சாம்பல் நிறப் படகு நாய். பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியில் ஆளும் குடும்பத்தை எதிர்த்த தேசபக்தர் கட்சி அதைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. ஆளும் குடும்பத்தாருக்கோ பக் நாய். 1787-இல் கட்சி தோற்றதும் கீஸ்ஹோண்டை வைத்திருப்பதே வம்பு என்று ஜனங்கள் அதைக் கைவிட்டார்கள். அரசியலில் எதிரெதிராக நின்ற அந்த இரண்டு நாய்களும் 2024-இல் ஒரே பட்டியலில் சேர்ந்தன. தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பதினொரு வெளிநாட்டு இனங்களைப் பெருக்கத் தடை சொன்னது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றோடு கீஸ்ஹோண்டும் பக்கும் அதில் இருந்தன.

காரணம் கௌரவத்தைப் பற்றியதில்லை, உடம்பைப் பற்றியது. நாய்க்கு நம்மைப்போல் மேனியெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். கீஸ்ஹோண்டின் போர்வை வடகடல் காற்றுக்கு வளர்ந்தது. பக்குக்கோ மூக்கே இல்லை, எங்கே இளைப்பது? மூக்கு நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாயை இணை சேர்க்கக் கூடாது என்று டச்சு அரசே 2019-இல் விதி வகுத்தது. நாமோ ஒரு செல்போன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பெருக்கித் தள்ளினோம். சந்தவாசலின் சித்திரை வெயிலில் ஒரு பக்கைக் கொல்லைக்குக் கூட்டிப் போகிறவரை யாராவது தடுத்து நிறுத்த வேண்டும்.

சரி, நம் வடக்கத்திப் பக்கத்துக்குச் சொந்த நாய் கிடையாதா? பேர் போட்ட இனம் கிடையாது. ஆனால் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று நிற்கிறது. எருமைகளைக் காக்கப்போய் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு தனியாகச் சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. நாயின் பெயரும் செய்த வேலையும் கல்லில் ஏறின, ஜாதி ஏறவில்லை. பட்டிக்காரர் சொன்னதும் அதைத்தானே.

என் தீர்ப்பு அதனால் நாட்டு நாயின் பக்கம்தான். பல ரத்தம் கலந்த உடம்பு. செவிட்டுத்தன்மை போன்ற வம்சக் குறைகள் குவிய வாய்ப்புக் குறைவு. கேழ்வரகுக் களியும் சோறும் தின்னும், வாரத்தில் சில நாள் முட்டையோ கருவாடோ சேர்த்தால் தெம்பாக இருக்கும். ஆனால் 'நாட்டு நாய், அதுவா வளரும்' என்று விட்டுவிடுவதுதான் நம் ஊர்க் குற்றம். உண்ணி நாட்டு நாய் என்று பார்த்து விலகாது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்த அணுக்கள் குறைந்து, சாப்பிடாமல் சோர்ந்து செத்தும் போகலாம். மழைக்குப் பிறகு காது மடலையும் விரலிடுக்கையும் தினமும் பார்க்க வேண்டும். கொல்லைக் கோடியில் சங்கிலியில் தனியாகக் கட்டிவைத்த நாய், சிறுத்தைக்கு நாமே வைக்கிற படையல். பகலில் கட்டுங்கள், ராத்திரி வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். காட்டுக்குள் மட்டும் கூட்டிப் போகாதீர்கள். முயலைப் பிடித்தால் வழக்கு நாய்மேல் வராது, உங்கள்மேல் வரும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம் ஒன்று. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் வைப்பார்கள். விசாரித்துக் கூட்டிப் போங்கள். ராஜபாளையத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் கால்வாசியை இந்த ஊசிக்கும் உண்ணி மருந்துக்கும் ஒதுக்கினாலே, பக்கத்துக் கொல்லையில் சும்மா கிடைக்கும் குட்டி ஆயுசு முழுக்க உங்கள் மணிலாவைக் காக்கும்.