கூடலில் இரண்டு நாள்

கற்றோர் கூடும் அவையும், நூல்கள் குவிந்த விழாவும் ஒரே நகரில் ஒரே வேளையில் வாய்த்தல் அரிது. அத்தகைய வாய்ப்பு மதுரையில் எனக்குக் கிட்டியது. கூடல் என்பது மதுரையின் பழம்பெயர். அப்பெயருக்கேற்பத் தமிழாசிரியர் பலர் அங்கே கூடினர்.

சனிக்கிழமை வைகறையில் திருவில்லிபுத்தூரிலிருந்து பேருந்தில் புறப்பட்டேன். கல்லுப்பட்டியும் திருமங்கலமும் கடந்து, திருப்பரங்குன்றம் கண்ணிற்பட்டபோது இளவெயில் எங்கும் பரவியிருந்தது.

மாநாட்டு மண்டபத்தில் பகல் முழுவதும் சொற்போர் நிகழ்ந்தது. 'பழைய உரைகளை இக்கால மாணவர் பயிலவேண்டுமோ?' என்பதே பொருள். எளிய உரைகள் பல வந்துவிட்டமையால், பழைய உரைகள் ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரியன என்றார் இளைஞர் ஒருவர். முதியவர் ஒருவர் எழுந்து, "எளிய உரை வாயில், பழைய உரை வீடு. வாயிலிலேயே நின்றுவிடலாமோ?" என்று வினவினார். அவையோர் இருவரையும் பாராட்டினர். வழக்கு மட்டும் தீரவில்லை.

மறுநாட் காலை, தமிழ்ச் சங்கம் சாலையிலுள்ள மதுரைத் தமிழ்ச் சங்கத்திற்குச் சென்றேன். இச்சங்கத்தை 1901ஆம் ஆண்டில் நிறுவியவர் பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர். ஒருமுறை அவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தார். மேற்கோள் பார்ப்பதற்குத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டினார். தேடியும் அவை கிடைக்கவில்லை. தமிழ் வளர்த்த நகரிலே தமிழ் நூல் இல்லையே என்று அவருள்ளம் நொந்தது. அந்நோவே சங்கமாக முளைத்தது என்று கூறுவர். 1902இல் 'செந்தமிழ்' என்னும் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. சிங்காரவேலு முதலியார் நெடுங்காலம் உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் அச்சேறியதும் இச்சங்கத்தின் துணையினாலேயே ஆகும்.

அன்று மாலை தமுக்கத்தில் நடைபெற்ற புத்தகத் திருவிழாவிற்குச் சென்றேன். வாயிலில் தமிழன்னையின் சிலை. உள்ளே இருமருங்கும் கடைகள், கடைதோறும் நூல்கள். நான் மாணவனாயிருந்த நாளில், நச்சினார்க்கினியர் உரையொன்று எங்கள் நூலகத்தில் ஒரே படியாக இருந்தது. அதனை இரவல் பெற்று, இரவெல்லாம் விழித்துக் கையால் எழுதிக்கொண்டேன். அவ்வுரை இங்கே அடுக்கடுக்காக இருக்கக் கண்டேன். ஒரு காலத்தில் திருக்குறளுக்கே பஞ்சம் வந்த ஊர்தானா இது என்று வியந்தேன்.

ஒரு கடையின் முன் பள்ளிச் சிறுமி ஒருத்தி, உரையோடு கூடிய புறநானூற்றை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் உண்டியல் காசு முடிந்த துணிப்பை இருந்தது. என்னை நோக்கி, "ஐயா, எங்கள் பாடநூலில் ஒரு பாட்டுத்தான் இருந்தது. மற்றப் பாட்டெல்லாம் இதில் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும், அம்மா. ஆனால் நானூறும் முழுமையாக இல்லை. 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை, வேறு சில சிதைந்துபோயின" என்றேன்.

"ஏன் ஐயா?"

"பனையோலை நெடுங்காலம் நில்லாது. பழைய ஏடு செல்லரித்து மடியுமுன் புதிய ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். படிப்பவர் இருந்தவரையில் எழுதினார்கள்; படிப்பவர் குறைந்தபோது ஏடுகளும் குறைந்தன. எஞ்சியவற்றை உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் தேடிக் கண்டு, 1894இல் புறநானூற்றை அச்சிட்டார்."

சிறுமி காசை எண்ணினாள், போதவில்லை. குறைந்த தொகையைத் தருவதற்கு நான் முன்வந்தேன். "வேண்டாம் ஐயா, மறுபடியும் சேர்த்துவிடுவேன்" என்று சொல்லி, புறநானூற்றுக் கதைகள் அடங்கிய சிறு நூலொன்றை வாங்கிக்கொண்டாள். பின்னர்க் கடைக்காரரைப் பார்த்து, "அடுத்த ஆண்டும் இந்தப் பெரிய புத்தகம் இங்கே இருக்குமா?" என்றாள்.

"கேட்பவர் இருந்தால் இருக்கும், அம்மா" என்றார் அவர்.

மாநாட்டில் தீராத வழக்கு அச்சிறு விடையால் தீர்ந்தது என்றே கருதினேன். அச்சிறுமி வாயிலில் நின்றாள். ஆயினும் வீட்டைப் பார்த்துவிட்டாள்.

மாணவர்களே! ஓலையை அரித்தது செல் மட்டுமன்று. படிப்பாரின்மையும் அதனை அரித்தது. இன்று அச்சுப்பொறி உண்டு. ஒரு நூலை ஆயிரம் படியாக்குதல் எளிது. ஆனால், கேட்பாரற்ற நூலை மீண்டும் அச்சிடுவார் யாருமிலர். நூலைக் காப்பவர் நூலகத்தாரும் பதிப்பாளரும் மட்டுமல்லர். அதனை விரித்துப் படிக்கும் ஒவ்வொருவரும் அதற்குக் காவலரே. ஆதலின், பாடநூலில் ஒரு பாட்டைக் கற்றால், அது பிறந்த நூலையும் தேடிச் செல்லுங்கள்.