இளநீரில் மறைந்த நஞ்சு

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, மார்ஷல் தீவுக் கூட்டத்தில், நீல நீரேரியொன்றைச் சூழ்ந்து வளைந்து கிடக்கின்றது பிக்கினி எனும் முருகைக்கற்றீவு. வெண்மணற் கரை, அதன்மேல் வரிசை வரிசையாகத் தென்னைகள். காண்போர் மனம் அங்கேயே தங்கிவிட ஏங்கும். ஆயினும், அத்தென்னையின் காயே அங்கு குடியிருப்போர்க்குப் பகையாயிற்று.

1946ஆம் ஆண்டில், அணுக்குண்டுச் சோதனைக்காக அமெரிக்கா 167 தீவினரை வேறு தீவுக்கு அகற்றியது. 1958 வரை பிக்கினியில் 23 குண்டுகள் வெடிக்கப்பட்டன. 1954 மார்ச் 1ஆந் திகதி வெடித்த ஐதரசன் குண்டு, ஹிரோஷிமாவில் வீழ்ந்ததிலும் ஏறக்குறைய 1,000 மடங்கு வலியது.

தீவினர் திரும்பலாமென 1968இல் ஜனாதிபதி ஜோன்சன் அறிவித்தார். பின்னர் சில குடும்பங்கள் மகிழ்வோடு மீண்டன. புதிதாய் நட்ட தென்னைகளும் காய்த்தன. ஆனால், அவர்தம் உடலிற் சீசியம்-137 பெருகியமை கண்டு, 1978இல் மறுபடியும் அவர்களை அகற்ற நேர்ந்தது.

பிழை எங்கே? வெளியே வீசிய கதிர் குறைந்திருந்தது மெய்யே. ஆனால், பொற்றாசியம் குன்றிய அம்மண்ணில், வேர்கள் அதற்கு ஈடாகச் சீசியத்தை உறிஞ்சின. தேங்காயைத் தீவினர் எவ்வளவு உண்பர் என்பதையோ கணித்தோர் குறைத்து மதித்துவிட்டனர்.

உள்ளூர் விளைவை உண்டு அங்கு நிலையாகக் குடியிருத்தல் அந்நிலையில் தகாதென, சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 1998இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. பொற்றாசிய உரமிட்டாற் பயிரிற் சீசியம் குறையுமென்றும் அது காட்டிற்று.

பிறந்த மண்ணுக்கு மக்களை மீட்டழைக்குமுன், நிலத்தை அளந்தாற் போதாது. அவர்தம் அடுப்படியையும் எட்டிப் பார்த்தல் வேண்டும்.