செண்டுமல்லி செழித்தால் மண் சுத்தமா?

தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர் ராணிப்பேட்டை. தோலை மெருகேற்றும் குரோமியம்தான் அந்த வட்டாரத்து மண்ணுக்கும் எமன். சுமார் 20 ஆண்டுகள் ஓடி, 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டுமே ஏறக்குறைய 1.5 லட்சம் டன்.

அந்தப் பகுதியில் ஓர் அம்மா. கணவர் தோல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். வீட்டுக் கொல்லையில் 2 சென்ட் இடம். எந்தக் கீரை விதைத்தாலும் விரல் உயரத்திலேயே வெளுத்துப்போகும். எருவைக் கொட்டிப் பார்த்தார், உப்புத் தண்ணீரைத் திட்டிப் பார்த்தார். மகள் நுண்ணுயிரியல் படிக்கப் போன பிறகுதான் கல்லூரி ஆய்வகத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்தார்கள். குரோமியம் கூடுதல் என்று வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விவசாயிகளுக்குத் தரும் மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து தொடங்கி 12 விவரங்கள் இருக்கும். குரோமியம் அதில் இல்லை. அட்டை நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆலைகளுக்கு அருகே இருப்பவர்கள் கன உலோகச் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

“திங்கிற எதையும் போடாதம்மா. பூச்செடி வைப்போம்” என்றாள் மகள். அந்தக் கொல்லை மண்ணிலிருந்தே ஆய்வகத்தில் பிரித்து வளர்த்த பாக்டீரியாவைக் கொண்டுவந்தாள். செண்டுமல்லி நாற்றுகளில் பாதியை அந்தக் கரைசலில் வேர் நனைத்து நட்டார்கள். மீதியைச் சும்மா நட்டார்கள். உரக்கடை சூடோமோனாஸ் பாக்கெட் போதாதா என்றால், அது வேரழுகல் போன்ற நோய்களுக்காகத் தேர்ந்தெடுத்தது. உலோகம் நிறைந்த மண்ணில் பிழைத்துப் பழகியதுதான் அங்கே தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு மாதத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. சும்மா நட்ட வரிசை குட்டையாக நின்றது. நனைத்து நட்ட வரிசை புதராகி, மொட்டு வைத்து, ஆரஞ்சு நிறத்தில் கொட்டியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“மண்ணு சரியாயிடுச்சு பாரு. அடுத்து கீரை போட்டுடலாம்.”

“இல்லம்மா. செடிதான் தாங்கிக்குது. மண்ணு அப்படியேதான் இருக்குது.”

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. நமக்கும் சட்டென்று பிடிபடாது. ‘நல்ல பாக்டீரியா மண்ணைச் சுத்தம் செய்கிறது’ என்று ஒரே வரியில் துணுக்குச் செய்தி படித்துப் பழகியவர்கள் நாம். அந்த ஒரு வரிதான் ஆபத்து.

உலோகம் வேரைத் தாக்கும்போது செடி பதறிப்போய் எத்திலீன் வாயுவை அதிகமாகச் சுரக்கும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கிறதே, அதே எத்திலீன். அது மிகுந்தால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். சில பாக்டீரியாக்கள் எத்திலீனுக்கான மூலப்பொருளையே தின்றுவிடுகின்றன. பதற்றம் அடங்கி வேர் ஓடத் தொடங்குகிறது. இன்னும் சில, உலோக நெருக்கடியில் செடிக்கு எட்டாத இரும்புச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. இலை பச்சையாகிறது.

1998-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிளிக் குழுவினர், நிக்கல் கலந்த சூழலில் கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா நாற்றுகளை இப்படிப்பட்ட ஒரு பாக்டீரியாவோடு வளர்த்தார்கள். நாற்றுகள் நன்றாக வளர்ந்தன. ஆனால், பாக்டீரியா சேர்க்காத நாற்றுகளில் ஒரு மில்லிகிராமுக்கு எவ்வளவு நிக்கல் இருந்ததோ, ஏறத்தாழ அதே அளவு இவற்றிலும் இருந்தது. செடியின் முகம் மலர்ந்ததே தவிர, உள்ளே போன விஷம் குறையவில்லை.

குரோமியத்தில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. தண்ணீரோடு ஓடும் கொடிய வகைக் குரோமியத்தை, மண்ணில் ஒட்டிக்கொள்ளும் சாதுவான வகையாக மாற்றும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. கிணற்றுக்குப் போவது குறையலாம். ஆனாலும் உலோகம் உலோகம்தான். குப்பை மக்குவது போல் அது மக்கிப்போகாது.

பூவைச் சாமி படத்துக்குப் போடுவதில் மகளுக்கு ஆட்சேபம் இல்லை. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், பூவரை ஏறுவது சொற்பம். அப்படியும் வாடிய மாலையைத் தெரு மாட்டுக்குப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்மாவோ, கீரை ஆசையை விடாமல், வெளியிலிருந்து மண் வாங்கிச் சிமென்ட் தொட்டியில் போட்டு மாடியில் அரைக்கீரை விதைத்துக்கொண்டார்.

பூத்து ஓய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கியாயிற்று. தொல்லை அங்கேதான் தொடங்கியது. எருக்குழியில் போட்டால் உலோகம் திரும்பவும் மண்ணுக்கே வரும். எரித்தால் சாம்பலில் இருக்கும் குரோமியம் மறுபடி கொடிய வகையாக மாற வாய்ப்புண்டு. ஆபத்தான கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் கிடங்கு ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அது ஆலைகளுக்கானது. ஒரு வீட்டுக் கொல்லையின் அரைச் சாக்கு வேரை யார் அங்கே கொண்டுபோவார்கள்?

இப்போதைக்குச் சாக்கு, மழை படாமல் குளியலறைச் சுவரோரம் நிற்கிறது. ‘எரிக்காதே’ என்று அதன்மேல் பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறாள் மகள்.