டைமிங் லைட் வெளிச்சத்தில்

ஹெட்டைச் சீவியாச்சு. கேம் மாத்தியாச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் போய், இஞ்சின் கம்ப்யூட்டரான இசியூ வந்தாச்சு. பழைய டைமிங் கணக்கு இனிச் செல்லாது.

இசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டியிருக்கிறது. லேப்டாப்பும் 10 என்கிறது. புல்லி என்ன சொல்கிறது?

அதற்கும் முன்னால் பிஸ்டன்.

முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்று. அந்த ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப். கிராங்க்கைக் கையால், மெதுவாக. முட்டியதும் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்று. முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே டிடிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்.

கம்பெனி போட்ட கோடு சற்றுத் தள்ளி நிற்கிறது. புல்லியின் மையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர். வயதானால் வளையம் நழுவும். கோடும் கூடவே போய்விடும்.

புல்லி விட்டம் 15 செ.மீ. ஒரு டிகிரிக்கு 1.3 மி.மீ. தடித்த சாக்பீஸ் கோட்டின் அகலமே இரண்டு டிகிரி.

ஊசியால் கீறல். அதில் வெள்ளை பெயின்ட். மிச்சத்தைத் துடைத்துவிடு.

டைமிங் லைட் கிளாம்ப்பில் ஒரு அம்புக்குறி. அது பிளக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

டயல் வைத்த லைட். வேஸ்டட் ஸ்பார்க் (ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்பார்க்) என்றால் 10-ஐ 20 என்று காட்டும். டயலைச் சுழியத்தில் வைத்துக் கோட்டை மட்டும் பார்.

ட்யூப்லைட்டை அணை. டைமிங் லைட் வெட்ட வெட்ட, ஓடும் புல்லி நிற்கிறது. பெல்ட் ஃபேனும் சில நேரம் நிற்பதுபோலத் தெரியும். விரல் பத்திரம்.

ஐடிலில் கோடு சரி. 4000-த்தில் மெல்லப் பின்வாங்குகிறது. பூட்டிய டைமிங் ஏன் நகர வேண்டும்? கிராங்க் சென்சாரின் இரண்டு ஒயர்கள் மாறியிருக்கலாம். இசியூவில் தாமதக் கணக்கு தப்பாக இருக்கலாம்.

6000 ஆர்பிஎம்மில், ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 36 டிகிரி போய்விடுகிறது.

பெரிய கேம். ஐடிலில் சிலிண்டருக்குள் எரிந்த புகை தங்கும், தீ மெதுவாகப் பரவும். ஸ்பார்க்கை இன்னும் முன்னதாக, அதாவது அட்வான்ஸ் கூடுதலாகக் கேட்கும்.

சீவிய ஹெட். லோடில் தீ வேகமாகப் பரவும். அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லும்.

இரண்டும் ஒரே இஞ்சினில்.

மேடேறும்போது சில்லறை குலுங்கும் சத்தம் கேட்டால் அது நாக்கிங், உடனே ஆக்ஸிலரேட்டரை விடு.

ரோட்டுக்குப் போகுமுன் பூட்டை எடு. 10-லேயே வைத்து மிதித்தால் தீ வெளியே போய் எரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்துவிடும்.