வேலிகாத்தானும் நாட்டுத் தேனீயும்

பொன்னேரி கடந்து கும்மிடிப்பூண்டியை நோக்கி இரயிலிற் செல்வோர் இருமருங்கும் ஒரு மரத்தையே மிகுதியாகக் காண்பர். தொழிற்பேட்டையின் மதிலோரம், நீர் வற்றிய ஏரியின் உள்வாய், தரிசாய்க் கிடக்கும் வயல் ஆகிய யாண்டும் அஃதே நிற்கும். தென்னாட்டார் அதனைச் சீமைக்கருவேல் என்பர். இப்பக்கத்தார் வேலிகாத்தான் என்பர். வேலியே பயிரை மேய்ந்ததென்னும் வழக்கு இதற்குப் பொருந்துமாறு போல் வேறெதற்கும் பொருந்தாது.

1877-ஆம் ஆண்டில் ஜமெய்க்காத் தீவினின்று வித்து வருவிக்கப்பெற்றுச் சென்னை இராஜதானியிற் புகுந்த மரம் இது. வந்தேறிய இஃது இத்துணை மக்கட்பேறு எய்தியது எங்ஙனம்? ஆடுமாடுகள் காயைத் தின்று கொட்டையைச் சாணத்தோடு பரப்புகின்றன என்று யாவரும் கூறுவர். அது மெய்யே. ஆயினும், காய் காய்த்த பின்னரன்றோ ஆடு வரும்?

வேனிற் காலையொன்றில் அம்மரத்தின் பூங்கதிரை யாம் அணுகி நோக்கினோம். விரல் நீளமுள்ள இளமஞ்சட் கதிரில் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் நெருங்கியிருந்தன. கொம்புத்தேனீக்கள் ஓயாது மொய்த்தன. இம்மரத்துப் பூ தன் மரத்துத் தாதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பிறிதொரு மரத்துத் தாது வந்தாலன்றிக் கரு நில்லாது. சூல்முடி முந்தியும் தாதுப்பை பிந்தியும் முதிர்கின்றன. ஆகவே தூதர் இன்றியமையாதவர். அத்தூதுக்கு ஜமெய்க்காவினின்று பூச்சி எதுவும் உடன்வர வேண்டியிருந்ததில்லை. நம் கொம்புத்தேனீயும் பொந்துத்தேனீயுமே போதியனவாயின. பூ திறந்த கலம் போல்வது. எந்த நாவும் அதில் தேனுண்ணும்.

வனிலாக் கொடியின் வரலாறோ வேறு. மெக்சிக்கோவினின்று ரீயூனியன் தீவிற்குச் சென்ற அது பூத்தும் காயாது நின்றது. 1841-இல் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயதுடைய அடிமைச் சிறுவன் கையால் தாது சேர்க்கும் எளிய முறையைக் கண்டான். இன்றும் கேரளத் தோட்டங்களில் வனிலாவுக்கு மனிதர் விரலே தேனீ. அப்பூவின் பூட்டு நம் பூச்சிகளுக்குத் திறவாது.

ஏரிகளினின்று வேலிகாத்தானை வேரோடு களைதல் வேண்டும் என்பதில் யாம் ஐயுறோம். எனினும் ஒன்றை எண்ணி அஞ்சுகின்றோம். பிற பூக்கள் அருகிய நாளிலும் தேனீக்கு இம்மரம் உணவளித்து வருகின்றது. களைந்த இடத்தே புங்கும் வேம்பும் நாவலும் நடாதொழியின் அவை எங்ஙனம் பிழைக்கும்? அவ்வேரிக் கரையிலேயே பரங்கித் தோட்டங்கள் உள. பரங்கியும் வந்தேறியே, பெயரே அதனைச் சொல்லும். அதன் பெண்பூ ஒரே காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அன்று தேனீ வாராவிடின் பிஞ்சு மஞ்சளித்து உதிர்கின்றது.