மரிக்கார் என்று ஒரு ராம்தாஸ்

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயர் மரிக்கார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. வாயைத் திறந்தால் சோனகத் தமிழ் வந்துவிடும், அவ்வளவுதான் காரணம். பட்டம் வந்தது ரேடியோவில் இருந்து.

நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்று ஒரு நகைச்சுவைத் தொடர் நாடகம் போனது. எழுதியவர் எஸ். ராம்தாஸ். அதில் மரிக்காராகப் பேசியவரும் அவரே. கூடவே மூன்று பேர்: யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்கள வாடையோடு தமிழ் பேசும் உபாலியாக செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத். கவனித்தீர்களா? மரிக்காராகப் பேசியவர் இந்து. ஐயராகப் பேசியவர் முஸ்லிம். அந்த வயதில் இது எனக்குத் தெரியாது. மரிக்கார் நம்ம ஆள்தான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அந்த நேரத்தில் டவுன் கடையில் வாப்பாவிடம் சாமான் கேட்டால் கிடைக்காது. தோட்டத்தில் இருந்து வந்தவர்களும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பார்கள்.

நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்று சினிமாவானது. எஸ். ராமநாதன் இயக்கினார். இலங்கைத் தமிழ்ப் படங்களில் நன்றாக ஓடிய படங்களைச் சொன்னால் இதையும் சொல்வார்கள். அடுத்து 1978இல் ‘ஏமாளிகள்’. ஆனால் இங்கே தமிழ் சினிமா ஒருவருக்குச் சோறு போடுகிற அளவுக்கு எப்போதும் வளரவில்லை. இந்தியப் படம் ஓடுகிற தியேட்டரில் நம் படத்துக்கு எத்தனை நாள் கொடுப்பார்கள்? ராம்தாஸ் பிற்காலத்தில் சென்னைக்குப் போனார். அங்கே தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள் செய்தார். 2016 ஜூலையில் அங்கேயே காலமானார். இங்கே செய்தி வந்தபோது ‘மரிக்கார் ராம்தாஸ்’ என்றே போட்டார்கள். சும்மா ராம்தாஸ் என்றால் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்திருக்காது.

அவர் நம் பேச்சைக் கிண்டல் பண்ணினார் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நாடகத்தில் நாலு பேரும் கோமாளிகள். ஒருவர் புத்திசாலியாக இருந்து மற்ற மூவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தெரு முனையில் நின்று காது கொடுத்துக் கேட்காத ஒருவரால் அந்தத் தமிழைப் பேசவும் முடியாது. வகுப்பில் என்னைக் கேலி செய்தவர்கள் வேறு கணக்கு. அதை ராம்தாஸ் தலையில் போடக்கூடாது.

எனக்குக் குறை வேறு. அந்த நாலு குரலில் மலைநாட்டுக் குரல் ஒன்று இல்லை. லயத்தில் இருந்து கடைவாசலுக்கு வந்து நின்று, மற்ற எல்லோருடைய தமிழையும் கேட்டுச் சிரித்தவர்களுடைய தமிழ் அங்கே இல்லை. கொழும்பில் எழுதிய நாடகம். ஐந்தாவதாக ஒரு ராமசாமி வந்திருந்தால் மஸ்கெலியா டவுனே அதிர்ந்திருக்கும்.

இந்த முறை தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் பழக்குகிறேன். நாலு பாத்திரம் இல்லை, ஐந்து. முஸ்லிம் பொடியன் ஒருத்தன் தோட்டத்துத் தாத்தாவாக வருகிறான். இரண்டு கிழமையாகப் பக்கத்து லயத்துத் தாத்தா ஒருவருடன் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுப் பழகுகிறான். “சேர், அவர் என்னைத் திருத்திக்கொண்டே இருக்கார்” என்று நேற்று முறைப்பாடு.

பழைய ஒலிப்பதிவு கசெட் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.