மூச்சு விடட்டுமே, பாவம்!

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஆபீஸ். நடுவில் என் பழைய மாருதி 800. விக்கிரவாண்டி தாண்டி லாரியை முந்தப் போய் வண்டி பாதியில் திணற, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனாலேயே திட்டினார். பக்கத்து சீட்டில் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர், கூம்பு மாதிரி இருக்குமே, அதைப் போட்டே தீருவது! முன்பணம்கூடக் கேட்டாயிற்று.

மெக்கானிக் சிரித்தார். "796 சி.சி. சார் இது! கூம்பை பானெட்டுக்குள்ள திறந்து வெச்சா எஞ்சின் சூட்டுக் காத்தைத்தான் இழுக்கும். சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி. சத்தம் வரும், வேகம் வராது."

பழைய பேப்பர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். நெடுஞ்சாலையில் பாதி கொட்டியது.

"எப்ப மாத்தினீங்க?"

மாற்றுவதா? அப்படியொன்று இருப்பதே இந்த வாரம்தான் தெரியும்!

புதுப் பேப்பர் ஃபில்டரே போட்டோம். ஞாயிற்றுக்கிழமை அதே இடம், அதேபோல் ஒரு லாரி. முந்திவிட்டேன். தாலியை மட்டும் அவள் விடவில்லை.